கணக்குக் கேட்டால் கோபம் ஏன்? – கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு தணிக்கைக் கதை

ரொம்ப நாளாயிற்று எழுதி. பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடக் கடைசி என்றால் என்னவென்று தெரியும். மஸ்கட்டில் டிசம்பர் 31 வரை வீட்டில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதையே நிறுத்திவிடுவார்கள். :)

ஆனால் எழுதாமல் இருந்ததற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. மனசும் சரியில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து இங்கே ஒரு சின்னச் சங்கம் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நாகர்கோவில், குளச்சல், தக்கலைப் பக்கத்து ஆட்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது கடலோரக் குடும்பங்களுக்காகப் பணம் திரட்டினோம். பொருளாளர் ஒரு அண்ணாச்சி. நான் இங்கே வந்து இறங்கிய முதல் மாதம் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்தவர். அவரே நேரில் ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

போன வருடப் பொதுக்குழுவில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எழுந்து, "ஓகி நிதிக் கணக்கை யாராவது ஆடிட் பண்ணியிருக்கோமா?" என்று கேட்டான். கூடம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே பி.காம். படித்த பேங்க்காரன்! "பார்த்துவிடலாமே" என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்க கணக்கை நீயா மக்கா பாக்கப் போற?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த ஒரு கேள்வி என்னைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கிழக்கேகோட்டைக்கு.

*

நாட்டை விட்டு வருவதற்கு முன் சில வருடங்கள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கத்தில் ஒரு கிளையில் ஆபீசராக இருந்தேன். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம், பஸ் ஸ்டாண்டு இரைச்சல், சாலைக் கடைவீதியின் மல்லி, மிளகு வாசனை, பத்மதீர்த்தக் குளக்கரையில் மணிக்கு ஒருமுறை இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஒரு மனிதனின் கன்னத்தில் முட்டுகிற மேத்தன் மணி. அங்கே இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் காலை ஒன்பதரைக்கு முன்னறிவிப்பில்லாமல் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கேஷை எண்ணினார்கள். இரட்டைச் சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறக்கச் சொல்லி, நகைக்கடன் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன திருடனா?" என்று மேனேஜரிடம் பொருமினேன். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "நாளைக்கு ஒரு பொட்டலம் குறைந்தால், இன்றைக்கு எடை போட்ட இந்தக் காகிதம்தான் உன்னைக் காப்பாற்றும்."

அதே கிழக்கேகோட்டையில் 2011 ஜூன் 30-ம் தேதி இன்னொரு ஸ்ட்ராங் ரூம் திறக்கப்பட்டது. அது உலகத்துக்கே தெரியும். பத்மநாபசுவாமி கோயிலின் 'ஏ' நிலவறை. தெருவெல்லாம் போலீஸ், டிவி வண்டிகள். ஒரு லட்சம் கோடி என்று பத்திரிகைகள் எழுதின. டீக்கடையில் எல்லோரும் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். ஒரு பேங்க்காரனாக எனக்கு வேறொன்று தோன்றியது. இதற்குப் பதிவேடு இருக்கிறதா? கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்கள்?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் திருவிதாங்கூரின் தணிக்கை வரலாறு முழுவதும் வருகிறது. முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்.

*

பதிவுக் கணக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் கணக்கு எழுதாமல் இருந்ததே இல்லை. கோயில் விவகாரங்களை மட்டும் எழுதிய மதிலகம் ஓலைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வட்டெழுத்திலும், தமிழிலும், மலையாளத்திலுமாகச் சுருட்டிச் சுருட்டிக் கட்டிய ஓலைச் சுருணைகள். 2022 டிசம்பரில் கோட்டைப் பகுதியில் ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைக் கேரள அரசு திறந்தது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, பள்ளியாடி மல்லன் சங்கரனைக் கொண்டு நிலங்களை அளந்து வரி நிர்ணயம் செய்தார். வருடத்துக்கு எவ்வளவு வரும், எதெதற்கு எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் 'பதிவுக் கணக்கு'. இன்றைய பட்ஜெட்தான். (நான் போடுகிற பதிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) இந்தக் காலத்து நிர்வாகத்தைத் தூக்கி நிறுத்தியவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரரான ராமய்யன் தளவாய்.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபருக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம். அன்று முதல் அரசர் வெறும் 'பத்மநாபதாசர்'. கணக்குப் பார்வையில் இதை யோசித்துப் பாருங்கள். முதலாளி பெருமாள். அரசர் அவருடைய மேனேஜர். தினமும் தரிசனத்துக்கு வரத் தவறினால் அரசரே 166 ரூபாய் 35 பைசா அபராதம் கட்டவேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். அரசு நிலத்துக்குப் 'பண்டாரவகை' என்று பெயர், கோயில் நிலத்துக்கு 'ஸ்ரீ பண்டாரவகை'. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு 'ஸ்ரீ'.

மேனேஜர் பக்திமானாக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் முதலாளி பள்ளிகொண்டிருக்கிறார். அவர் எழுந்து வவுச்சர் கேட்கப்போவதில்லை. அப்படியானால் மேனேஜரின் கணக்கை யார் பார்ப்பது?

விரலும் கர்னல் கண்ணும்

அதற்குப் பதில் கிடைக்க இருநூறு வருடம் ஆயிற்று. நடுவில் தனிமனிதர்களின் கோபம்தான் தணிக்கையாக இருந்தது. 1802 முதல் 1809 வரை தளவாயாக இருந்த, எங்கள் தலைக்குளத்து வேலுத்தம்பியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு கிராமக் கணக்கன், தளவாயின் தாயாருடைய நிலத்துக்கு வரியைக் குறைத்து எழுதிவிட்டானாம். தளவாய் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருப்பான். வேலுத்தம்பி ஓலையைப் பார்த்துவிட்டு, எழுதிய விரலை வெட்டச் சொன்னாராம். சின்ன வயசில் தாத்தா இதைச் சொல்லும்போது புல்லரிக்கும். இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. வேலுத்தம்பி இருக்கும்வரை கணக்கு சரியாக இருக்கும். அவர் போனபின்? ஒரு ஆளின் கோபத்தை நம்பி எந்த நிர்வாகமும் நிற்காது.

அவர் போனபின் வந்தவர் கர்னல் மன்றோ. பிரிட்டிஷ் ரெசிடென்ட், 1811 முதல் 1814 வரை திவானும் அவரே. காரியக்காரர்களின் அதிகாரத்தைக் குறைத்து தாசில்தார்களைக் கொண்டுவந்தார். 1811–12-ல் பெரியதும் சிறியதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களை, அவற்றின் சொத்தோடு, அரசு நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார். கோயில் கணக்கில் முறைகேடு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால் நடந்தது என்ன? கோயில் வருமானமும் அரசு நிலவரியும் ஒரே பேரேட்டில் கலந்துபோயின.

எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு கஸ்டமர் கணக்கை ஒன்றாக்கிவிட்டார்கள். அதன் விளைவு பேரேட்டோடு நிற்கவில்லை. நிலவரி இலாகாதான் கோயில்களையும் நடத்தியது. ஆகவே அந்த இலாகா உத்தியோகங்களுக்குள் கிறிஸ்தவர்களும், முஸ்லிம்களும், கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத சாதியினரும் வர முடியாமல் போனது. வரி கட்டும்போது எல்லோரும் வேண்டும், வரி வாங்கும் நாற்காலியில் சிலர்தான் உட்காரலாம். இதை எதிர்த்துச் சமூக உரிமைக்காகப் பெரிய போராட்டமே நடந்தது. 1922 ஏப்ரலில் மூலம் திருநாள் மகாராஜா தேவஸ்வம் பிரகடனம் வெளியிட்டு, தேவஸ்வத்தைத் தனி இலாகாவாகப் பிரித்தார். கலந்த கணக்கைப் பிரிக்க 110 வருடம்!

'கணக்குதானே, குமாஸ்தா சமாசாரம்' என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

சிலையாக நிற்கும் கணக்குப்பிள்ளை

கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் வடக்கே நடந்தால் ஓவர்பிரிட்ஜ், ஆயுர்வேத காலேஜ், புளிமூடு, பிறகு ஸ்டாச்சு. அரை மணி நேர நடை. 'ஸ்டாச்சு' என்ற பெயருக்குக் காரணமான சிலை யாருடையது என்று அங்கே பஸ் ஏறும் பலருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ். 1858-ல் அவர் திவான் பொறுப்பில் அமர்ந்தபோது கஜானா காலி, சம்பள பாக்கி, மேலே கடன். மிளகு, புகையிலை ஏகபோகங்களை எடுத்துவிட்டார். 1863-க்குள் கடனை அடைத்தார். வருடாவருடம் நிர்வாக அறிக்கை அச்சாக ஆரம்பித்தது. அவர் காலத்தில்தான் எதிரே ஹஜூர் கச்சேரிக் கட்டடம், அதாவது இன்றைய தலைமைச் செயலகம், 1869-ல் கட்டி முடிக்கப்பட்டது. கணக்கை நேராக்கிய மனிதருக்கு முச்சந்தியில் சிலை வைத்த ஊர் வேறெங்காவது உண்டா தெரியவில்லை. எங்கள் தொழிலுக்கு அது பெரிய மரியாதை!

ஆனால் ஒரு ஓட்டை அப்படியே இருந்தது. கணக்கு இலாகா திவானுக்குக் கீழே. செலவு செய்ய உத்தரவு போடுபவரும் திவான். 1888-ல் சட்டசபை வந்தபோதுகூட அதற்கு பட்ஜெட்டைத் தொடும் உரிமை இல்லை. 1921 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அதில் ஓரளவு வாக்கு கிடைத்தது.

பேங்கில் இதற்கு 'மேக்கர் – செக்கர்' என்போம். பதிவு போடுபவர் ஒருவர், அதைச் சரிபார்த்து அனுமதிப்பவர் வேறொருவர். இரண்டும் ஒரே ஆள் என்றால் கம்ப்யூட்டரே ஒத்துக்கொள்ளாது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1860 நவம்பரில் எட்மண்ட் டிரம்மண்ட் ஆடிட்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். இப்போது நவம்பர் 16-ஐத் தணிக்கை தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். சமஸ்தானமான திருவிதாங்கூருக்கு அது பொருந்தவில்லை.

ஏ.ஜீஸ் ஆபீஸ்

1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1950 ஏப்ரல் 1-ல் சமஸ்தானங்களின் நிதி நிர்வாகம் இந்திய அரசோடு இணைந்தது. கணக்கும் தணிக்கையும் சி.ஏ.ஜி. கைக்குப் போயின. அரசியல் சட்டத்தின் 148-வது பிரிவின்படி சி.ஏ.ஜி.யை நீக்குவது உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதுபோலக் கஷ்டம். திவானும் கேட்க முடியாது, முதலமைச்சரும் கேட்க முடியாது. செக்கர் கடைசியில் மேக்கரின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார். ஸ்டாச்சு பக்கத்தில் உள்ள அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தின் கதை இதுதான். திருவனந்தபுரத்தில் யாரைக் கேட்டாலும் 'ஏ.ஜீஸ் ஆபீஸ்'.

இங்கேயும் ஒரு வேடிக்கை. மாநிலக் கணக்கைத் தொகுத்தவரும், அதைத் தணிக்கை செய்தவரும் ஒரே அக்கவுண்டண்ட் ஜெனரல்தான். 1984 மார்ச்சில்தான் நாடு முழுவதும் இந்த அலுவலகங்களைக் கணக்குக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று என்று பிரித்தார்கள். தணிக்கைக்காரர்களே தங்களுக்குள் அந்தப் பிரிவினையைச் செய்துகொள்ள அவ்வளவு நாள் ஆயிற்று.

அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். 'ஹாஃப் மார்ஜின்' என்று ஒன்று உண்டு. தாளைப் பாதியாக மடித்து, ஒரு பாதியில் தணிக்கையாளரின் கேள்வி. மறுபாதி காலி. அது உங்கள் பதிலுக்கு. பதில் திருப்தி என்றால் கேள்வி அங்கேயே முடிந்துபோகும். இல்லையென்றால் அது பாராவாகி, அறிக்கையாகி, சட்டசபையின் பொதுக்கணக்குக் குழு வரை போகும். கவனியுங்கள், குற்றச்சாட்டுக்கு முன்பே பதிலுக்கு இடம் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி, பல்கலைக்கழகம், தேவஸ்வம் போர்டு போன்றவற்றுக்கு மாநில அரசின் தனி இலாகா. முன்பு 'லோக்கல் ஃபண்ட் ஆடிட்', இப்போது கேரள மாநிலத் தணிக்கைத் துறை. 1994-ல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி, பஞ்சாயத்துகளுக்குத் திட்ட நிதியில் பெரும்பங்கு போக ஆரம்பித்தபின் இந்தத் துறையின் வேலை பலமடங்கு ஆனது. விதியை மீறிச் செலவு செய்தால் 'சர்சார்ஜ்' போட்டு, செலவு செய்தவரின் கைக்காசிலிருந்தே வசூலிக்க முடியும். வேலுத்தம்பியின் கத்தி இப்போது சர்டிபிகேட்டாகிவிட்டது. விரல் தப்பியது!

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கொசுறு. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி பிரிந்து வந்தபோது கோயில்களும் பிரிந்தன. அரசியல் சட்டத்தின் 290ஏ பிரிவைப் பாருங்கள். கேரளம் வருடம் 46.5 லட்சம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கும், தமிழ்நாடு 13.5 லட்சம் ரூபாய் இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்கும் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. சுசீந்திரத்தில் விளக்கு எரிவதற்குப் பின்னால் அரசியல் சட்டத்திலேயே ஒரு கணக்கு வரி இருக்கிறது.

மீண்டும் கோட்டைக்குள்

இவ்வளவு நடந்தும், பத்மநாபசுவாமி கோயில் மட்டும் தேவஸ்வம் போர்டுக்குள் வரவில்லை. அதன் நிர்வாகம் அரச குடும்பத் தலைவரின் மேற்பார்வையில் தொடர்ந்தது. ஸ்டாச்சுவில் இருந்த செக்கர், அரை மணி நேர நடைதூரத்தில் இருந்த கோட்டைக்குள் வரவே இல்லை. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கோயிலுக்குப் பக்கத்திலேயே வசித்த, தினமும் சாமி கும்பிட்ட, முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரியும் வக்கீலுமான டி.பி. சுந்தரராஜன். நிலவறை திறந்த சில நாட்களிலேயே, 2011 ஜூலை 17 அன்று, காலமாகிவிட்டார்.

2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முன்னாள் சி.ஏ.ஜி. வினோத் ராயைச் சிறப்புத் தணிக்கைக்கு நியமித்தது. தங்கக் குடங்களின் எண்ணிக்கை பற்றி அவர் அறிக்கை கேள்வி எழுப்பியதாக 2016-ல் செய்திகள் வந்தன. அதற்கு மறுப்பும் வந்தது. 2020 ஜூலை 13-ல் தீர்ப்பு. அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பு, கடந்த 25 வருடக் கணக்கைத் தணிக்கை செய்யவும் சொன்னது. 1965-ல் அமைந்த கோயில் டிரஸ்ட் விலக்குக் கேட்டது. 2021 செப்டம்பர் 22-ல் விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் இந்தத் தீர்ப்பை இப்படித்தான் படிக்கிறேன். 'உங்கள் உரிமையில் சந்தேகம் இல்லை. கணக்கையும் காட்டுங்கள்.' இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை.

இது ஒன்றும் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்ததும் அல்ல. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பாருங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் போடக்கூடாது, அவர் உறவினர் பெயரையும் போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். திருடினால் என்று சொல்லவில்லை. கணக்குக் காட்டாவிட்டாலே போதும்.

*

சரி, அண்ணாச்சி கதைக்கு வருகிறேன்.

மூன்று வாரம் கழித்து அவரே ஒரு பிளாஸ்டிக் பையோடு ரூவியில் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள். நான்கு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். அரிசி, தார்ப்பாய், பள்ளிக் கட்டணம், வலைக்குக் கொடுத்தது எல்லாம் பொருந்தியது. ஒரே ஒரு இடத்தில் 180 ரியாலுக்கு ரசீது இல்லை. கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "புருஷனைக் கடல்ல பறிகொடுத்துட்டு கைப்பிள்ளையோட நிக்கா. அவகிட்ட கையெழுத்துப் போடுன்னு கேக்கச் சொல்லுகியளா சார்?"

'சார்' என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு தாளைப் பாதியாக மடித்தேன். இடது பக்கத்தில், '180 ரியால், ரசீது இல்லை' என்று எழுதினேன். வலது பக்கத்தில் அவர் சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல், அப்படியே எழுதினேன்.

'ஆடிட்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'கேட்பது' என்று பொருள். பழைய காலத்தில் கணக்கை உரக்க வாசிப்பார்களாம், தணிக்கையாளர் உட்கார்ந்து கேட்பாராம். நாங்களும் அப்படியே செய்தோம். அடுத்த கூட்டத்தில் நான் வாசித்தேன், அறுபது பேர் கேட்டார்கள். அந்த 180 ரியால் வந்தபோது இடது பக்கத்தையும் வாசித்தேன், வலது பக்கத்தையும் வாசித்தேன். யாரும் பேசவில்லை. முதலில் கேள்வி கேட்ட அந்தப் பையன்தான் எழுந்து, "ஏத்துக்கலாம்" என்றான். எல்லோரும் கை தூக்கினார்கள். எட்டு வருடமாக அண்ணாச்சியின் மனசில் மட்டும் இருந்த அந்தப் பெண்ணின் கதை, அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த வருடமும் பொருளாளர் அவர்தான், போட்டியின்றி. இப்போது ரசீது வாங்க முடியாத இடத்தில், யார் முன்னிலையில் கொடுத்தார் என்று இரண்டு பெயர் எழுதிவைக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்தது.

என்னை இன்னும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். அது என் கணக்கில் நிலுவை. அடுத்த லீவில் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் திருவனந்தபுரம் போகிறோம். பத்மநாபரைச் சேவித்துவிட்டு, கிழக்கேகோட்டையில் நின்று ஒரு சாயா குடிக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். "பாக்கலாம்" என்றிருக்கிறார்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் யாராவது கணக்குக் கேட்டால் முகத்தைத் தூக்காதீர்கள். கேட்பவர்களும் மடித்த தாளின் மறுபாதியைக் காலியாக விட்டுவிட்டுக் கேளுங்கள்.